கோச் ராட்கி போகாமலிருக்க எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

உலகத்தில் எத்தனையோ நாடுகள் எத்தனையோ மாமனிதர்களைக் கைநழுவ விட்டிருக்கின்றன. அந்த நாடுகளில் ஒன்றிலாவது, மாமனிதரைப் பிடித்து வைப்பதற்கென்றே ஒரு குழு இருந்ததா, அந்தக் குழுவுக்குத் தனி முத்திரை இருந்ததா என்று விசாரித்தால், இல்லை என்றுதான் தெரியவரும். அயோவா மாநிலத்தின் வடக்கு மூலையில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் பிரெய்ரி ஃபோர்க்கில் இரண்டும் இருந்தன. 'பயிற்சியாளர் தக்கவைப்பு உயர்மட்டக் குழு' என்பது அதன் பெயர். கீழ்மட்டக் குழு என்று ஒன்று இல்லை. ஆனாலும் உயர்மட்டம் என்று போட்டால்தான் முத்திரை எடுப்பாக இருந்தது.

குழுவின் தலைவர் பேராசிரியர் வெர்னன் டோலஃப்சன். பிரெய்ரி ஃபோர்க் கல்லூரியில் முப்பத்தோரு வருடமாக நிலவியல் கற்பிப்பவர். ஒரு கல்லைக் கையில் கொடுத்தால், அது எந்தக் காலத்துக் கடலுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அந்த முப்பத்தோரு வருடத்தில் இருபத்தெட்டு வருடம், கல்லூரியின் கால்பந்து அணி தோற்பதை ஏழாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர். (இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. பெயர்க் காரணத்தை யாரும் கேட்பதில்லை.) மழையில் தோற்றதைப் பார்த்தார். பனியில் தோற்றதைப் பார்த்தார். எதிரணியின் பேருந்து வழியில் நின்றுபோய், ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் மட்டுமே வந்து சேர்ந்த அன்றும் தோற்றதைப் பார்த்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் டெல் ராட்கி பயிற்சியாளராக வந்தார். முதல் வருடம் பாதி ஆட்டங்களில் வெற்றி. இரண்டாம் வருடம் இரண்டே தோல்வி. இந்த வருடம் அதுவும் இல்லை. முன்பெல்லாம் வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லி வந்த மக்கள், இப்போது யாரும் கேட்காமலே தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். வேலித் தகராறில் ஒன்பது வருடமாக டோலஃப்சனோடு பேசாமலிருந்த டிராக்டர் வியாபாரி பட் ஹாவர்லண்ட், ஒரு சனிக்கிழமை கடைசி நிமிட வெற்றியில் அவரை இறுகக் கட்டிப்பிடித்து அழுதார். பிடி தளர்ந்தபோது இருவரும் நண்பர்கள். கோச் போய்விட்டால் அந்த வேலித் தகராறு திரும்ப வந்துவிடும் என்று டோலஃப்சன் பயந்தார். குழுவில் பட் ஹாவர்லண்டையும் சேர்த்தது அதனால்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தெற்கே இருக்கும் ஒரு மிகப் பெரிய பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளரை நீக்கியது. இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய இடம் ஒருவரை நீக்கினால், நடுத்தர இடத்திலிருந்து ஒருவரைத் தூக்கும். நடுத்தர இடம் சின்ன இடத்தில் கை வைக்கும். சின்ன இடம் உள்ளூர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கும். மேலே ஒருவர் வேலை இழந்தால் கீழே பதினோரு குடும்பங்கள் வீடு மாறும். குளிர்காலத்தில் சாமான் லாரிக்காரர்கள் பிழைப்பதே இதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் பயிற்சியாளர் சொல்லும் எதற்கும் சொன்ன பொருள் கிடையாது. "இங்கே சந்தோஷமாக இருக்கிறேன்" என்றால், பேரம் நடக்கிறது. "என் கவனமெல்லாம் சனிக்கிழமை ஆட்டத்தில்தான்" என்றால், மனைவி அங்கே வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நான் எங்கும் போகவில்லை" என்றால், அட்டைப்பெட்டி வாங்கியாகிவிட்டது. ஆகவே பேச்சைப் பிரித்துப் படிக்க ஒரு நிபுணர் வேண்டும். அடுக்கடுக்காகப் படிந்த பாறையைப் படிப்பவரைவிடச் சிறந்த நிபுணர் எங்கே கிடைப்பார்?

திங்கட்கிழமை பத்திரிகைக்காரர்கள் கோச்சைச் சுற்றிக்கொண்டார்கள்.

"நான் எங்கயும் போகலீங்க" என்றார் ராட்கி. தடித்த கழுத்தும் மெல்லிய குரலும் உள்ள மனிதர். "ஒரே ஒரு விஷயம். ஞாயித்துக்கிழமை லைப்ரரியத் திறந்து வெச்சா நல்லா இருக்கும்."

ஒரு மணி நேரத்தில் குழு கூடியது. கல்லூரியின் தலைவர் கோனி ஸ்ட்ராண்ட் கவலையோடு கேட்டார்: "ஒருவேளை, லைப்ரரியத் திறக்கணும்னுதான் சொல்றாரோ?"

"மேடம், நீங்க காலேஜ் நடத்துறவங்க. அதனால லைப்ரரின்னா உங்களுக்கு லைப்ரரின்னு தோணுது" என்றார் பட். "அவரு கோச்."

டோலஃப்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க. லைப்ரரின்னா என்ன? சத்தம் இல்லாத இடம். நிறைய நாற்காலி. ஞாயித்துக்கிழமைன்னா என்ன? ஆட்டத்துக்கு மறுநாள். உடம்பு வலிக்கிற நாள். ஆக, பசங்க சத்தமில்லாம சாஞ்சு கிடக்க ஒரு கூடம் கேக்கிறாரு."

"யோவ் வெர்ன்! கல்லப் படிக்கிறவன்னு நெனச்சேன். நீ மனுஷனையே படிக்கிறியேய்யா!" என்றார் பட்.

பத்தே நாளில் நூலகம் 'வீரர் இளைப்பாறு கூடம்' ஆனது. உடம்பைப் பிடித்துவிடும் நாற்காலிகள் தொண்ணூறு. கால் பக்கம் ஒரு உருளை, இடுப்புப் பக்கம் இரண்டு, எல்லாம் தனித்தனி மோட்டாரில் ஓடுபவை. புத்தகங்கள் 'தற்காலிகமாக' பட்டின் டிராக்டர் கொட்டகைக்குப் போயின. ரிப்பன் வெட்ட வந்த ராட்கி கத்தரிக்கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இங்க புஸ்தகம் இருந்துச்சே?"

"இருந்துச்சு கோச்! இனிமே தொந்தரவு பண்ணாது" என்றார் பட்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மௌனத்துக்கும் பொருள் உண்டு என்பதால் குழு மறுபடி கூடியது.

அந்த வாரம் உள்ளூர் வானொலியில் மதிய நிகழ்ச்சி. தொலைபேசியில் ஒருவர் தழுதழுத்தார்: "கோச், மறைக்காம சொல்லுங்க. எங்கள விட்டுட்டுப் போறீங்களா?"

"இல்லீங்க, சத்தியமா இல்ல. எனக்கு இருக்கிற கவலையே வேற. பசங்க கணக்குல ஃபெயில் ஆகுறாங்க. பாஸ் ஆகலைன்னா ஆட விடமாட்டாங்க. இன்னொரு கணக்கு வாத்தியார் கெடச்சா போதும்."

'சத்தியமா' என்ற சொல் ஊரையே உலுக்கிவிட்டது. இரண்டு பாட்டில் விஸ்கி தீரும்வரை பட் அதைப் பற்றியே பேசினார். டோலஃப்சன் ஒலிப்பதிவை ஆறு முறை கேட்டார்.

"கணக்குன்னா எண்" என்று குழுவில் விளக்கினார். "எல்லாரும் பாக்கிற மாதிரி எண் எங்க இருக்கு? ஸ்கோர் பலகையில. நம்ம பலகை சின்னதா இருக்குன்னு நாசூக்கா சொல்றாரு. பெரிய மனுஷன். நேரடியா கேக்கக் கூச்சம்."

புதிய பலகை நான்கு மாவட்டங்களில் இல்லாத அளவுக்கு உயரமாக எழுந்தது. அதில் ஒவ்வோர் எண்ணும் ஆள் உயரம். தெற்கே பறந்த வாத்துக் கூட்டம் ஒன்று அதைப் பார்த்து வழி மாறி மேற்கே போனதாகச் சொல்கிறார்கள். செலவுக்கு வழி வேண்டுமே? அந்தச் சின்னக் கல்லூரியில் நிலவியல் போக இருந்த கணக்குத் துறை, இசைத் துறை, ஜெர்மன் துறை ஆகிய மூன்றும் 'சீரமைக்கப்பட்டன'. சீரமைப்பு என்றால், அறையைப் பூட்டி, ஆசிரியருக்கு ஒரு நினைவுக் கோப்பை கொடுத்து அனுப்புவது. கோப்பையில் அணியின் சின்னம் இருந்தது. கணக்கு ஆசிரியர் அதை வாங்க மறுத்துவிட்டார். விசுவாசம் இல்லாத மனிதர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

டிசம்பர் பாதி ஓடிவிட்டது. பெரிய பல்கலைக்கழகம் இன்னும் ஆளை அறிவிக்கவில்லை. வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ராட்கி நேராக டோலஃப்சனின் அறைக்கே வந்தார். மேஜையில் பாதி வெட்டிய சுண்ணாம்புக் கல் இருந்தது. கோச் அதை எடுத்துப் புரட்டினார்.

"இது சங்குதானே, ப்ரொஃபஸர்?"

"சங்கு மாதிரி ஒண்ணு. நாம உக்காந்திருக்கிற இந்த இடமே ஒரு காலத்துல கடல்."

"பசங்க சொன்னாங்க. உங்க வகுப்புல என் பசங்க பதினேழு பேரு. அதுல ஒருத்தன், நம்ம முன்வரிசைல ஆடுற பெரியவன், பஸ்ஸுல போறப்ப ஜன்னல் வழியா மலைய வெட்டின எடத்தயெல்லாம் காட்டி எனக்கு விளக்கம் சொல்றான்." கோச் சிரித்தார். பிறகு கல்லை மெதுவாக வைத்தார். "ப்ரொஃபஸர், உங்கள கையெடுத்துக் கும்பிடுறேன். இந்தத் துறையையாவது விட்டு வைங்க. பட்டத்துக்குப் படிக்கிற பையன்தான் மைதானத்துல எறங்கலாம். இப்ப இங்க மிச்சம் இருக்கிற படிப்பு இது ஒண்ணுதான்."

முப்பத்தோரு வருடத்தில் ஒரு கல்லூரித் தலைவரோ, ஒரு பெற்றோரோ, ஏன், டோலஃப்சனின் மனைவியோகூட அவர் பாடத்துக்காக இப்படிக் கெஞ்சியதில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தச் சொற்களை அவர் அப்படியே நம்பினார். நம்பியபோது நெஞ்சு இலேசாக இருந்தது.

கோச் போன பிறகு நிபுணர் விழித்துக்கொண்டார். எதற்காக இங்கேயே வந்தார்? எதற்காகக் கல்லைத் தொட்டார்? எதற்காக ஜன்னலைப் பற்றிப் பேசினார்? எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிலவியல் கட்டடம் பயிற்சி மைதானத்தை ஒட்டி, நேர் வடக்கே, காற்றைத் தடுத்தபடி நின்றது. எல்லாம் விளங்கியது. குளிர்காலப் பயிற்சிக்குக் கூரை போட்ட அரங்கு வேண்டும். அது வர வேண்டிய இடத்தில் தன் கட்டடம் இருக்கிறது. அதைக் கேட்க அந்த நல்ல மனிதர் எவ்வளவு சுற்றி வளைத்திருக்கிறார்!

மறுநாள் குழுவில் டோலஃப்சன் எழுந்து நின்று, தன் துறையை மூடும் தீர்மானத்தைத் தானே முன்மொழிந்தார். கோனி ஸ்ட்ராண்ட் கைக்குட்டையை எடுத்தார். பட் மேஜையைத் தட்டினார்.

"இதான்யா விசுவாசம்! உன் வேலை போகுதே வெர்ன், என்ன பண்ணுவே?"

"சனிக்கிழமை ஆட்டம் பாப்பேன்."

கட்டடத்தை இடிக்க ஒன்றரை நாள் பிடித்தது. துறை சேர்த்து வைத்திருந்த ஆறாயிரம் கற்களையும் லாரியில் அள்ளி அரங்குக்கு அடித்தளமாகக் கொட்டினார்கள். எதையும் வீணாக்கும் பழக்கம் ஊரில் இல்லை.

செவ்வாய்க்கிழமை நண்பகல் செய்தி வந்தது: பெரிய பல்கலைக்கழகம் வேறு யாரையோ நியமித்துவிட்டது. பிரெய்ரி ஃபோர்க்கில் தேவாலய மணி அடித்தது. தீயணைப்பு வண்டிகள் சங்கு ஊதிக்கொண்டு ஊரை மூன்று முறை சுற்றின. பட்டும் டோலஃப்சனும் வேலியைப் பிடுங்கி அடுப்பில் போட்டு, அதில் கறி சுட்டுத் தின்றார்கள். குழு தனக்குத்தானே நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

புதன்கிழமை காலை கோச்சின் வீட்டு வாசலில் சாமான் லாரி நின்றது.

பாதி ஊர் கூடிவிட்டது. பட் முன்னால் தள்ளிக்கொண்டு போனார். "எந்தப் பெரிய எடம் கோச்? மறைக்காதீங்க."

"ரொம்பச் சின்ன எடம். மைதானத்துல எண்ணூறு பேரு உக்காரலாம். போன வருஷம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க."

"கூரை போட்ட அரங்கு?"

"கெடையாது."

"ஸ்கோர் பலகை?"

"இருக்கு. ஏழாம் நம்பர் எரியாதாம்."

டோலஃப்சன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பனியில் செருப்போடு ஓடி வந்திருந்தார். "அப்புறம் ஏன் கோச்? நீங்க கேட்ட ஒவ்வொண்ணையும் செஞ்சோமே! என் துறையவே குடுத்தேனே!"

ராட்கி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது.

"ப்ரொஃபஸர், இந்தப் பசங்க ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நான் நேர்ல போனேன். அவங்கம்மா செஞ்சு போட்டதச் சாப்பிட்டேன். உங்க பையன் பட்டத்தோட வருவான்னு வாக்குக் குடுத்தேன். நேத்து அந்தப் பதினேழு பேரும் வந்து நிக்கிறாங்க. 'கோச், இப்ப நாங்க எதுல பட்டம் வாங்குறது?'ன்னு கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க? வரேன்னவங்களக் கூட்டிட்டுக் கெளம்பிட்டேன்."

"அந்த எடத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"ஒரு காலேஜ் இருக்கு" என்றார் ராட்கி.

லாரி திரும்பி நெடுஞ்சாலையில் ஏறியது. உயர்மட்டக் குழு அங்கேயே, அந்தப் பனியிலேயே அவசரமாகக் கூடியது. ஆராய வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று: 'காலேஜ்' என்று கோச் சொன்னதன் உட்பொருள் என்ன?

"வெந்நீர்க் குளமா இருக்கும்" என்றார் பட். "அது ஒண்ணுதான் நம்மகிட்ட இல்ல. என்ன வெர்ன்?"

டோலஃப்சன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே பையில் போட்டுக்கொண்டார்.

"விஷயம் தெரிஞ்ச யாரையாவது கேட்டுப் பாக்கலாமே" என்றார் கோனி ஸ்ட்ராண்ட். "நம்ம வளாகத்துல யாராவது இருப்பாங்க."

தேடிப் பார்த்தார்கள். இளைப்பாறு கூடத்தில் தொண்ணூறு நாற்காலிகள் யாரும் இல்லாமலே அதிர்ந்துகொண்டிருந்தன. அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்த அத்தனை பேரும் அனுப்பப்பட்டிருந்தார்கள். அனுப்பிய தீர்மானங்கள் நான்கையும் எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் அடியிலும் 'முன்மொழிந்தவர்' என்ற இடத்தில் வெர்னன் டோலஃப்சனின் கையெழுத்து இருந்தது. யாரும் பிரித்துப் படிக்கத் தேவையில்லாதபடி, மிகத் தெளிவாக.