எடின்பரோ அண்ணாச்சியும் நாலே முக்கால் அடியும்

எடின்பரோ நகரத்தை எங்கள் அண்ணாச்சி அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தவர் அந்த எடின்பரோவிலேயே கிடையாது. இத்தனைக்கும் அவர் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. புனேயிலிருந்து மேற்கே அவர் அதிகபட்சம் போனது லோனாவ்லா வரைக்கும்தான். அங்கேயும் வீட்டுக்கு ஒரு பாக்கெட் சிக்கி, அதாவது கடலை மிட்டாய், வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட்டார்.

பிம்ப்ரியில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். ஸ்காட்லாந்தில் இரண்டு பேர் லேசர் கருவியைத் தூக்கிக்கொண்டு பழைய கட்டடங்களுக்குள் நுழைந்து மூலை முடுக்கெல்லாம் அளப்பார்கள். அந்த அளவுகள் கோடிக்கணக்கான புள்ளிகளாக எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். புள்ளிகளைச் சுவராகவும் கதவாகவும் ஜன்னலாகவும் வரைந்து திருப்பி அனுப்புவது எங்கள் பிழைப்பு. அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். பிம்ப்ரி ஃபேக்டரி ஒன்றில் கையால் வரைந்து பழகி, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவர். நான் புனேயில் பிறந்து வளர்ந்தவள், அவரைவிட இருபது வயது சின்னவள், அவருக்கு டீம் லீடர். அதாவது அவர் செய்கிற வேலைக்கெல்லாம் நான் பொறுப்பு. இதை எழுதும்போதே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

எண்பத்தொன்பது டிகிரியில் நிற்கிற சுவரைத் தொண்ணூறு என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது எங்கள் வழக்கம். உலகமே அப்படித்தான் செய்கிறது. அண்ணாச்சி செய்யமாட்டார்.

"அண்ணாச்சி, இதை நேரா போட்டுடுங்களேன்."

"எதுக்கும்மா? நானூறு வருசமா சாஞ்சிக்கிட்டேதான நிக்கு. அது பாட்டுக்கு நிக்கட்டும். உனக்கு என்ன இடைஞ்சல்?"

"டெட்லைன் இடைஞ்சல்!"

"அப்ப டெட்லைனைக் கொஞ்சம் சாச்சுக்கோ."

மற்றவர்கள் மூன்று நாளில் முடிக்கிற மாடியை அவர் ஆறு நாள் வரைவார். ஒவ்வொரு கல்லிலும் யாரோ குடியிருப்பதாக அவருக்கு எண்ணம். அந்த ஊரில் மலை முதுகில் இடமில்லாமல் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று வீட்டின் மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். பழைய சந்துகளை அப்படியே மூடி அதன் மேலும் கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் யார் யாரிடமிருந்தோ கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டு, மத்தியானம் வடாபாவ் வண்டிப் பக்கம் நின்று எங்களுக்கு ஒப்பிப்பார். ஒருநாள் ஜன்னல் வரி விஷயம் வந்தது. வீட்டில் எத்தனை ஜன்னலோ அதற்கேற்ப வரி என்று அந்தக் காலத்து ராஜா சொல்ல, ஜனங்கள் ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்துவிட்டார்களாம்.

"காத்துக்கும் வெளிச்சத்துக்கும் வரி போட்டிருக்காம்மா படுபாவி! இவன்லாம் வெளங்குவானா?"

"அந்த ராஜா செத்து எத்தனையோ காலம் ஆச்சு, அண்ணாச்சி."

"செத்துட்டானா? பாத்தியா, வெளங்கல!"

அதே ஆத்திரத்தோடு வண்டிக்காரர் பக்கம் திரும்பி, ஜன்னலுக்கு வரி போட்டுவிட்டார்கள் என்று இந்தியில் முறையிட்டார். அந்த மனுஷன் கையிலிருந்த வடையைத் திரும்ப எண்ணெயில் போட்டுவிட்டு, "கப் சே, சாஹப்?" என்று கலங்கிப்போய்க் கேட்டார். எந்தத் தேதியிலிருந்து என்பது அவர் கவலை.

நிக்டியில் அவர் குடியிருந்த பில்டிங்கிலும் இதே கூத்துதான். நாலாவது மாடி அம்மாள் ஒருநாள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்ற, அது அண்ணாச்சி அப்போதுதான் துடைத்து நிறுத்தியிருந்த வண்டியின் மேல் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் துணியை எடுப்பார்கள். அண்ணாச்சி தலையை நிமிர்த்தி, "எடின்பரோ மே பி ஃபேக்தே தே! லேகின் பெஹலே சில்லாதே தே!" என்று கத்தினார். எடின்பரோவிலும் மாடியிலிருந்து ஊற்றினார்கள்தான், ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் குரல் கொடுத்தார்கள் என்று அர்த்தம். அந்த அம்மாள் பால்கனியில் நின்று, எடின்பரோ எந்த விங்கில் இருக்கிறது என்று கேட்டாராம்.

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு எடின்பரோவிலிருந்து ஓர் ஆறு மாடி வீடு வரைய வந்தது.

அதை ஹோட்டலாக மாற்றப் போகிறார்கள். மூன்றாவது மாடியை அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். இங்கே எங்கள் தொழிலில் ஒரு சங்கதி சொல்லவேண்டும். லேசருக்குச் சுவரின் முகம்தான் தெரியும், வயிறு தெரியாது. இந்த அறையின் சுவருக்கும் அடுத்த அறையின் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தை, கெட்டிக் கல் என்று வைத்துக்கொண்டு கருப்பாக நிரப்பிவிடுவோம். இதற்குப் பெயர் கருப்படிப்பது. ஒரு க்ளிக், முடிந்தது.

அண்ணாச்சி கருப்படிக்கவில்லை. வீட்டின் வெளி நீளத்திலிருந்து உள் அறைகளையும் சுவர்களையும் கழித்துப் பார்த்தார். நாலே முக்கால் அடி உதைத்தது.

"ரெண்டு ரூமுக்கு நடுவுல நாலே முக்கால் அடி எங்கேயோ போயிருக்கும்மா."

"கனமான சுவரா இருக்கும், அண்ணாச்சி."

"அப்ப இங்க பாரு." வெளிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சரியாக அந்த இடத்தில், கல் வைத்து அடைத்த ஒரு ஜன்னல். "கெட்டிச் சுவத்துக்கு எவனாவது ஜன்னல் வப்பானா? உள்ள ஒரு ரூம் இருக்கு."

அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டு அனுப்பிவிட்டார். எடின்பரோ ஆர்க்கிடெக்ட் வீடியோவில் வந்தார். அவருக்குக் காலை, எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். அது புகைபோக்கி போகிற கனத்த சுவர், பழைய வரைபடத்திலும் கெட்டியாகத்தான் இருக்கிறது, லிஃப்டின் இரும்புச் சட்டங்களை அதில்தான் பொருத்தப்போகிறோம், தயவுசெய்து நிரப்பிக் கொடுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், சிம்னி அதர் சைடு. ஐ கவுண்ட். யுவர் வால் இஸ் டெல்லிங் லைஸ்."

எங்கள் மேனேஜர் குல்கர்ணி பாய்ந்து வந்து மைக்கை அணைத்து இந்தியில் பொரிந்தார். "அரே பாபா! க்ளையண்டோட சுவரே பொய் சொல்லுதுங்கிறார்!"

அன்றைக்கே குல்கர்ணியின் தீர்ப்பும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கருப்படித்து அனுப்பவேண்டும், இல்லையென்றால் அண்ணாச்சி திங்கட்கிழமை வரவேண்டாம். வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற ஆள் அவர். மகளுக்குக் காலேஜ் கடைசி வருஷம். நான் கெஞ்சினேன்.

"யாரோ ஒருத்தரோட சுவருக்காக உங்க வேலையை விடுவீங்களா?"

"சுவரு யாரோடதா இருந்தா என்ன? கோடு நான் போட்டதுல்லா?"

வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரம். குல்கர்ணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "நீயே முடிச்சுடு" என்றார். முடித்தேன். ஒரு க்ளிக். வரைபடத்தின் மூலையில் வரைந்தவர் யார் என்கிற கட்டத்தில் அண்ணாச்சியின் இனிஷியல் இருந்தது. அதை அழித்து என்னுடையதைப் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். மறக்கவில்லை. அந்தக் கருப்புக்குக் கீழே என் பெயர் வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அப்படியே எடின்பரோவுக்கு அனுப்பிவிட்டேன்.

அண்ணாச்சி கை கழுவிவிட்டு வந்து என் ஸ்கிரீனைப் பார்த்தார்.

"உள்ள போயிப் பாத்தியாம்மா?"

"அண்ணாச்சி, அஞ்சு மணிக்குள்ள..."

"பாத்தியா, பாக்கலயா?"

"பாக்கல."

"பாக்காம அடிச்சிருக்க. அதுவும் என் பேரைப் போட்டு அடிச்சிருக்க."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவர் கத்தவில்லை. உட்கார்ந்தார். தன் வெள்ளை வரைபடத்தைத் தன் இனிஷியலோடு மறுபடியும் நேராக எடின்பரோவுக்கே அனுப்பினார். கூடவே இரண்டு வரி: அந்தச் சுவரில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் நான் இனி கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன். குல்கர்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. க்ளையண்டுக்கு நேராக மெயில் போட நீ யார் என்று ஆபீஸே அதிரக் கத்த ஆரம்பித்தார். அண்ணாச்சி டிபன் பாக்ஸைக் கழுவிப் பைக்குள் வைத்து, தன் இடத்துக்கு மேலே ஒட்டியிருந்த எடின்பரோ மேப்பை நிதானமாகப் பிரித்துச் சுருட்டிக்கொண்டார்.

"நான் போறேன் சார். அந்த ரூம் எங்கயும் போகாது" என்றார். இந்தியில்தான் சொன்னார், குல்கர்ணிக்குப் புரியவேண்டுமே.

இரண்டு வாரம் கழித்து எடின்பரோவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. லிஃப்ட்காரர்கள் கையில் கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு வரைபடம். எதற்கும் இருக்கட்டும் என்று துளை போட்டிருக்கிறார்கள். துளைக்கருவி ஒன்றரை அடிக் கல்லைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டதாம். உள்ளே ஓர் ஒடுக்கமான அறை. குட்டி அடுப்பு ஒன்று. அடைத்த ஜன்னலின் உள்பக்கத் திட்டில் புகையிலை பிடிக்கிற களிமண் குழாய் ஒன்று, யாரோ இப்போதுதான் வைத்துவிட்டு எழுந்து போன மாதிரி. சட்டங்களை அங்கே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆர்க்கிடெக்ட் எழுதியிருந்தார். நான் அதை ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை.

குல்கர்ணி போன் செய்தால் அண்ணாச்சி எடுக்கவில்லை. என்னை அண்ணாச்சியின் நிக்டி வீட்டுக்கு அனுப்பினார். போட்டோவை நீட்டினேன். அதை வாங்குவதற்கு முன்னாலேயே, "அகலம்?" என்றார்.

"நாலு அடி ஒம்பது அங்குலம்."

"பொறவு? நாலே முக்கால்தான." அதன் பிறகுதான் போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "வெளிச்சமே இல்லாம இதுக்குள்ள எவன் கெடந்தானோ, பாவம்."

"அண்ணாச்சி, நான் அன்னைக்கு..."

"காப்பி ஆறுது, குடி. குல்கர்ணிகிட்ட சொல்லு. நான் வாறேன். ஆனா இனிமே எவனும் கருப்படிக்கக் கூடாது. பாக்காத இடம் வெள்ளையாத்தான் இருக்கணும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லு."

குல்கர்ணி எழுதிக் கொடுத்தார். வேறு வழி?

திங்கட்கிழமை மறுபடியும் வீடியோ. ஆர்க்கிடெக்ட் அண்ணாச்சிக்கு நன்றி சொன்னார், அவர் பெயரைச் சரியாக உச்சரிக்க மூன்று தடவை முயற்சி செய்தார். பிறகு குரல் மாறியது. "அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு வரைபடம் வந்தது. இரண்டிலும் உங்கள் இனிஷியல். நிரப்பக் கேட்டது நான்தான், ஆனால் உள்ளே என்ன என்று பார்க்காமல் உங்கள் பெயரில் அந்தக் கருப்பை யார் போட்டது? அந்த ஆள் இனி எங்கள் வேலையைத் தொடக்கூடாது" என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

குல்கர்ணி ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் கையைத் தூக்கவேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. ஒரு வார்த்தை அவர் உண்மையைச் சொன்னால் போதும், என் வேலை போயிருக்கும், நியாயமாகவும் போயிருக்கும்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மீ ஒன்லி சார். ஃப்ரைடே ஹர்ரி, ஐ ஃபில். தென் ஐ கரெக்ட்."

ஆர்க்கிடெக்ட் சிரித்துவிட்டார். தன் தப்பைத் தானே திருத்துகிற ஆள் கிடைப்பது கஷ்டம் என்று பாராட்டிவிட்டு வைத்தார். நான் அண்ணாச்சியின் மேஜைக்குப் போய் நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணாச்சி?"

"அந்த வீட்டுல நாலாவது மாடி வரையாம அப்பிடியே கெடக்கு. நீ போயிட்டா யாரு வரைவா? போ, போயி வேலையப் பாரு."

நான் அவருடன் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அண்ணாச்சி தன் பெயரில் ஏற்றுக்கொண்ட பொய் அது ஒன்றுதான். அதுவும் எனக்காக.