ஒரு தலை கூடுதல்

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த சித்திக்கு, உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நான் நலம். அங்கே நீங்கள் நலம் என்பது, நேற்று என்னோடு போனில் பேசிக்கொண்டே சித்தப்பாவைத் திட்டிய திட்டில் தெரிந்துவிட்டது. அதனால் தனியாக விசாரிக்கவில்லை. சித்தப்பாவின் நலத்தை மட்டும் விசாரித்ததாகச் சொல்லவும்.

கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள்தான் கேட்டீர்கள். "எங்கே போகணும், என்ன வாங்கணும், எவன் ஏமாத்துவான், எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி அனுப்புடா. கைப்பையில வெச்சுக்கறேன்." தவிர, போனில் நீங்கள் என்னைப் பேச விட்டதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இந்த வசதியை இப்போதுதான் கண்டுபிடித்தேன். அலுவலகத்தில் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாண வீட்டுக்குப் போகக்கூடப் பூட்டாத தையல் கடையைப் பூட்டிவிட்டு வருகிறீர்கள். ஊர் பார்க்கப் போவதாகச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொன்னது வேறு. "நீ அங்கே நாலு மனுசரோட இருக்கியா, நாதியத்துக் கிடக்கியான்னு பார்க்கத்தான் வர்றேன். நாதியத்துக் கிடந்தா காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவேன்."

எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது சித்தி. காதும் வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தை நன்றாக எழுத வேண்டியிருந்தது.

ஒரே சிக்கல். எனக்கு இந்த ஊர் தெரியாது.

மூன்று வருடம். அறை, ரயில், அலுவலகம். அலுவலகம் தரைக்குக் கீழே இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் எடுத்துப் பேசுவது என் வேலை. இங்குள்ள உயரமான கட்டடங்கள் எல்லாமே எனக்குப் பழக்கம்தான். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் குரலாகத்தான் பழக்கம். தெருவில் எதிரே நின்றால் எது எதுவென்று தெரியாது. "அவனுக்கு அந்த ஊர் உள்ளங்கை மாதிரி" என்று ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்லி வைத்திருப்பதை அறிவேன். நான் மறுக்கவில்லை. மறுக்க எங்கே விட்டீர்கள்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கு எழுதுவதற்காகவே, ஊரைப் பார்க்கக் கிளம்பினேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் போவது மணிக்கூண்டுக்கு என்று கேள்வி. போனேன். மணிக்கூண்டு இருந்தது.

குறிப்பு: மணிக்கூண்டைச் சுற்றி நிழலே கிடையாது. தொப்பி கொண்டுவரவும்.

எனக்குத் தொப்பி அங்கேயே கிடைத்தது. எப்படியென்றால், அங்கே மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டம் நின்றிருந்தது, அதிலிருந்து தமிழ் காதில் விழுந்தது, தெருவில் தமிழ் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது, போய் நின்றதும் மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிப் பெண் ஒருத்தி குடை நுனியால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணிக்கொண்டே வந்தாள், இருபத்தொன்றில் முடிந்தது, முகம் வாடியது, என்னைப் பார்த்தாள், என் தலையையும் சுட்டினாள், இருபத்திரண்டு, முகம் மலர்ந்தது, பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து என் தலையில் கவிழ்த்து "வாங்க வாங்க, சீக்கிரம்" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். இன்னொரு சொல்லும் தெரியும். பாத்ரூம்.

நான் அந்தக் கூட்டத்து ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முன்னால் வந்தார்.

"ஏன் தம்பி, உங்க ஒருத்தராலதான் இத்தனை பேரும் வெயில்ல காயறோம். ஒரு பொறுப்பு வேணாமா?"

"மன்னிச்சுக்குங்க சார்."

தொழில் பழக்கம். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறவன். வாய் முந்திக்கொண்டது. மன்னிப்பையும் கேட்டுவிட்டு, தப்பு செய்தவன் நானில்லை என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா. மடியில் குழந்தை மாதிரி ஒரு பிளாஸ்க்.

"எங்கப்பா போயிட்டே? வயித்துல ஏதாவதா?"

ஆமாம் என்றேன். இருப்பதிலேயே சுருக்கமான பதில் அதுதான். உடனே கறுப்பாக ஒரு உருண்டையைக் கையில் வைத்து, வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தத் தயாரிப்பாம். நல்ல வயிற்றுக்குள் போனால் அந்த உருண்டை என்ன செய்யும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். குறிப்பு: இந்த ஊரின் பொதுக் கழிப்பறைகள் மிகவும் சுத்தம். ஆற்றங்கரையில் இருப்பதில் மட்டும் தாழ்ப்பாள் சரியில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஊர் எனக்கு இப்போது உண்மையிலேயே உள்ளங்கை மாதிரி.

அடுத்தது துணிச் சந்தை. உங்களுக்கான இடம். கூரைவரை துணி. வெளிச்சமே நிறம் மாறித்தான் உள்ளே வருகிறது. பிளாஸ்க் அம்மா தமிழில் பேரம் பேசினார், கடைக்காரர் அவர் மொழியில் பேசினார். இரண்டும் தெரிந்தவன் ஆயிற்றே என்று நான் நடுவில் போனேன். இருவரும் ஒரே சமயத்தில் என்னைக் கையால் ஒதுக்கினார்கள். பேரம் படிந்தது. பேரத்துக்கு மொழி வேண்டாம், உதட்டைப் பிதுக்கத் தெரிந்தால் போதும். குறிப்பு: பிடித்த துணியைக் கடைசியாகத் தொடவும். பிடிக்காததை முதலில் தொட்டு முகம் சுளிக்கவும். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா எதை வாங்கி வந்தாலும் அப்படித்தான் பார்ப்பீர்கள். ஆனால் சாயம் போகுமா என்று எச்சில் விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டாம். தேய்த்ததை மடித்துக் கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தலைமையாசிரியரிடம் இப்போது இளஞ்சிவப்பில், பூப்போட்ட மேசை விரிப்பு ஒன்று இருக்கிறது.

பிறகு கண்ணாடிக் கோபுரம். மேலேயிருந்து பார்த்தால் முழு ஊரும் தெரியும். இரண்டு லிஃப்ட். இடதுபக்கத்து லிஃப்டில் ஏறக்கூடாது என்று எனக்குத் தெரியும், அதன் அழைப்பை வாராவாரம் எடுக்கிறேன். ஆனால் அன்று காலை வந்திறங்கிய சுற்றுலாப் பயணிக்கு அது எப்படித் தெரியும்? வாயை மூடிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் நின்றது.

தலைமையாசிரியர் பொத்தானை அழுத்தினார். எதிர்முனையில் என் அலுவலக நண்பன். என் மேசைக்கு அடுத்த மேசை. பயப்பட வேண்டாம், பத்து நிமிடத்தில் ஆள் வந்துவிடும் என்றான். அந்த வாக்கியத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். தினமும் சொல்கிறேன். உள்ளே நின்று கேட்டபோது அதில் ஒன்றுமே இல்லை. காலி டப்பா.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"பயப்பட வேண்டாமாம் சார்."

"பயப்படாதேன்னு சொன்னா எவன் பயப்படாம இருப்பான்?" என்றார் பிளாஸ்க் அம்மா. "இப்படி வா. கையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். தலைமையாசிரியர் என் தோளைப் பற்றிக்கொண்டார், எனக்குத் தைரியம் சொல்கிற பாவனையில். யாரோ வெந்நீர் கேட்டார்கள். யாரோ மேசை விரிப்பைப் பற்றி ஏதோ சொல்ல, அந்தரத்தில் தொங்கிக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தி, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இவ்வளவு நாள் பாவப்பட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் யோசித்ததில்லை. அவர்கள் உள்ளே சேர்ந்து இருந்தார்கள். தனியாக இருந்தது நான்.

குறிப்பு: வலதுபக்கத்து லிஃப்ட்.

சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸில் ஏறியபின் குடைக்காரப் பெண் எண்ணினாள். இருபத்திரண்டு. சரியாக இருந்தது. அப்போது கடைசி இருக்கையில், பைகளுக்கு அடியில், ஒரு போர்வை அசைந்தது. உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார். இருபத்து மூன்று.

"மணிக்கூண்டு வந்துருச்சா?"

காலையில் காணாமல்போன ஆள் அவர்தான். காணாமல் போகவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் எழுந்தார். "யாருய்யா நீங்க? எங்க பஸ்ல உங்களுக்கு என்ன வேலை?"

"நானும் உங்ககூடத்தான் சார் வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உங்க மூஞ்சியையே நாங்க பார்த்ததில்லையே. இந்தத் தம்பியைப் பாருங்க. காலையிலேருந்து கூடவே இருக்காரு."

"இவன் எங்க பையன்" என்றார் பிளாஸ்க் அம்மா.

பஸ்ஸே தலையாட்டியது. குடைக்காரப் பெண் அந்த மனிதருக்குக் கதவைக் காட்டி "வாங்க வாங்க" என்றாள். போங்க என்ற சொல் அவளுக்குத் தெரியாது. அவர் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். மடித்த விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"அவரு இல்லீங்க. கூடுதல் தலை நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகம், கடிதம், நீங்கள், என் காது, எல்லாம்.

"அப்ப காலையில என்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?" என்றார் தலைமையாசிரியர். அவருக்கு அதுதான் பிடிபடவில்லை.

"பழக்கம் சார்."

பிளாஸ்க் அம்மாதான் முடித்து வைத்தார். குடைக்காரப் பெண்ணைப் பார்த்து, "ஒரு தலை கூடுதலா வந்தா என்னம்மா இப்போ? கூட்டிக்கோ" என்றார். அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் குடையைச் சுருக்கிக்கொண்டு சிரித்துவிட்டாள்.

பஸ்ஸை என் தெருவுக்கே விட்டு என்னை இறக்கினார்கள். எல்லோரும் ஜன்னலில். "மேல அந்த ரூமா? துணி காயுது பாரு, மழை வர்ற மாதிரி இருக்கு, முதல்ல எடு" என்று பிளாஸ்க் அம்மா கத்த, எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்போது தினமும் தலையசைக்கிறார்கள். மழை வந்தால் துணியைக் காட்டிக் கத்துகிறார்கள்.

ஆகவே சித்தி, கவலை வேண்டாம். நாலு மனிதர்கள் கேட்டீர்கள், ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். மறுநாளே அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். நீங்கள் தங்குகிற நாள் முழுவதும் நானே உங்களை அழைத்துப் போவேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தயவுசெய்து எந்தக் கூட்டத்தோடும் சேர்ந்துவிட வேண்டாம். கூட்டத்தோடு வருகிறவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை, குடையைத்தான் பார்க்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். வீட்டில் சின்னவர்கள் யாரும் இல்லாததால், அவர்களுக்குரிய அன்பைத் தையல் மெஷினுக்குக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
இரண்டு காதுகளும் பத்திரமாக உள்ள
உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்தது. வழக்கம்போல என்னைப் பேச விடவில்லை. "உன்னை எதுக்குடா தொந்தரவு பண்ணணும்? நம்ம தெருக்காரங்க ஒரு டூர்ல வர்றாங்க, நானும் அதுல சேர்ந்துட்டேன். மஞ்சத் தொப்பியெல்லாம் தர்றாங்களாம். குடை பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு கூட்டிட்டுப் போகுமாம். லீவு கீவு போட்டு வைக்காதே. ஒரு சாயங்காலம் வந்து உன் ரூமை மட்டும் எட்டிப் பார்த்துட்டுப் போறேன்." வைத்துவிட்டீர்கள்.

ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. எல்லாவற்றையும் குடை பார்த்துக்கொள்ளும். வலதுபக்கத்து லிஃப்டை மட்டும் மறக்க வேண்டாம். யார் உருண்டை கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

என் தொப்பி ஆணியில் தொங்குகிறது. திருப்பி வாங்க அவள் மறந்துவிட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. விடுப்பை ரத்து செய்யப் போவதில்லை. முதல் நாள் மணிக்கூண்டடியில் அந்தப் பெண் எண்ணும்போது ஒரு தலை கூடுதலாக வரும். அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் சித்தி. கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.