தெனோக்குக்கு ஒரு வண்டிச் சீட்டு

ஜீவகாருண்யம் இவ்வுலகில் எங்கே பிறந்தது என்று பண்டிதர்கள் வேண்டுமானால் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், பூச்சோங் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாரிஸ் அவர்களின் மேசைமேல், மூன்று நகல்களாகப் பிறந்தது. நான் கண்ணால் பார்த்தேன். மைகூடக் காயவில்லை.

கோலாலம்பூரில் 'அருகிவரும் விலங்குகளைக் கணக்கெடுத்துக் காக்கும் சபை' கூடியது. கூடியவர்கள் மிகவும் வருந்தினார்கள். காட்டில் தெனோக் குறைந்துவிட்டதாம். தெனோக் என்றால் முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை. யானைக்கு வைக்கப் போன துதிக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டதுபோல ஒரு மூக்கு. கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் 'வேட்டி கட்டிய பன்றி' என்போம். சபையார் அப்படிச் சொல்லமாட்டார்கள். 'அரிய உயிர்' என்பார்கள்.

சபையின் துரை ஒருவர் வந்து மூன்று நாள் காட்டோரம் சுற்றினார். குளம்படியை அளந்தார். சாணத்தைச் சீசாவில் அடைத்து லேபிள் ஒட்டினார். கூலிகளில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், அந்த உயிரைக் கண்காணித்து வாராவாரம் சபையின் அச்சடித்த பாரம் ஒன்றை நிரப்பும் பொறுப்பை எனக்குத் தந்தார். நான் தமிழில் எழுதுவேன். கிராணி இங்கிலீஷில் மாற்றி அனுப்புவார். நாற்பது வயதுக்குமேல் அ, ஆ படித்தவனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்? காலையில் பாலுக்கு மரம் வெட்டு, மத்தியானம் சாணம் தேடு. தெனோக்கை மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சபையின் விதி ஒன்றைக் கிராணி எனக்குப் படித்துக் காட்டினார். அரிய உயிர் நோயுற்றால் உடனே மூடிய வண்டியில் கோலாலம்பூருக்கு அனுப்பவேண்டும். வைக்கோல் மெத்தை வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். படுதாவை யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் மிரளும். கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக் கார்த்திகேசுவின் மனைவி நல்லம்மாள் காய்ச்சலில் விழுந்து ஒன்பது நாளாகியிருந்தது. தோட்டத்தில் காய்ச்சல் மருந்தான கொய்னா தீர்ந்துபோயிருந்தது. கார்த்திகேசு கிராணியிடம் போனான். துணைக்கு நானும் போனேன்.

"ஐயா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வண்டிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"காய்ச்சல்தானே? லயத்துல யாருக்கு இல்ல? எல்லாருக்கும் வண்டி விட்டா தோட்டமே ஊர்வலமாப் போயிடும்லா."

"கண்ணே தொறக்கமாட்டேங்குறா ஐயா."

"நல்லது. தூங்கட்டும்."

கார்த்திகேசு வெளியே வந்து மாட்டுக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கோ கடமை. அன்று பாரம் நிரப்பும் நாள். உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 'பெண் ஒன்று. லயத்தருகே. ஒன்பது நாளாகக் காய்ச்சல். தீனி எடுக்கவில்லை. எழுந்து நிற்க முடியவில்லை.' ஒரு வார்த்தை பொய்யில்லை. தலைப்பில் 'தெனோக்' என்று கிராணி முன்பே எழுதி வைத்திருந்தார். அவர் எழுதியதற்கு நான் பொறுப்பல்ல.

படித்ததும் கிராணி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒம்பது நாளா? ஏன்யா முன்னாடியே சொல்லல? செத்துத் தொலைஞ்சா சபைக்கு யாரு பதில் சொல்றது?"

சீட்டு பறந்து வந்தது. வைக்கோல் வந்தது. கிராணி வீட்டுத் தலையணை ஒன்றும் வந்தது. வண்டிக்காரர் தம்புசாமியும் நாங்கள் இருவரும் லயத்துக்குப் பின்னால் 'அதை' ஏற்றிப் படுதாவை இழுத்துக் கட்டினோம். தோட்டத்து வாசலில் வழியனுப்பக் கிராணியே வந்து நின்றார்.

உள்ளிருந்து ஒரு முனகல்: "அய்யோ... அம்மா..."

கிராணி காதைத் தீட்டினார். "என்னய்யா, அம்மாங்குது?"

"கன்னுக்குட்டியும் அம்மான்னுதானே ஐயா கத்துது?" என்றார் தம்புசாமி.

"அய்யோங்குதே?"

"நம்ம தோட்டத்துப் பக்கமே கெடந்ததுங்க. கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு."

கிராணி உருகிப்போனார். வண்டிக்குச் சிலுவை அடையாளம் போட்டார். "பாவம், பள்ளத்துல எறக்காம ஓட்டு. ஏய் கார்த்திகேசு, மரமாட்டம் நிக்காதே. நீயும் ஏறி ஈ ஓட்டிக்கிட்டே போ."

தம்புசாமி நல்லம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சீட்டோடு சபை அலுவலகத்துக்குப் போனார்.

"விலங்கு எங்கே?" என்றார் குமாஸ்தா.

"ஆஸ்பத்திரியில சேத்தாச்சுங்க."

"ஆணா, பெண்ணா?"

"பொண்ணுங்க."

குமாஸ்தா முத்திரை குத்தினார். கணக்கெடுப்பு என்றால் இப்படியல்லவா நடக்கவேண்டும்!

மூன்று வாரத்தில் நல்லம்மாள் திரும்பி வந்து, மறுநாளே விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் சொல்லி நின்றாள். நான் எழுதினேன்: 'குணமடைந்து தன் இருப்பிடம் திரும்பியது. விடியுமுன்பே மரங்களிடையே நடமாடுகிறது.' சபையில் கைதட்டினார்களாம்.

அதற்குப் பிறகு எங்கள் லயத்துப் பவுனம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எம்மவளையும் தெனோக்குல சேத்து எழுதுங்கண்ணே. வழியில அது வாயே தொறக்காது." எழுதினேன். இன்னொரு கூலி ரபேல் கால் வீங்கி வந்தான்: 'ஆண் ஒன்று. நொண்டுகிறது.' இரண்டு மாதத்தில் பதினாறு உயிர்கள் வண்டியேறின, பதினாறும் திரும்பின. பெரட்டில் ஆள் குறைந்தபோதெல்லாம் கிராணி 'ஓடிப்போனவர்' என்று எழுதிக்கொண்டார். திரும்பி வந்தபோது 'பிடிபட்டவர்' என்று எழுதிக்கொண்டார். வண்டியில் போன தெனோக்கைப் பற்றித்தான் அவருக்குத் தூக்கமில்லை.

பிறகு சபையிலிருந்து கடிதம் வந்தது. கிராணி எங்களுக்கும் படித்துக் காட்டினார்: "உங்கள் ஒரு தோட்டத்திலேயே இரண்டு மாதத்தில் பதினாறு. ஆகவே இவ்வுயிர் இனி அரிதல்ல, ஏராளமாக இருக்கிறது. வண்டி, வைக்கோல், தண்ணீர் ஆகிய சலுகைகள் இன்றுமுதல் ரத்து."

அந்த வாரம்தான் பவுனம்மாள் மகளுக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. பாரம் எழுதிக் கொடுத்தேன். கிராணி பார்த்துவிட்டு, "இன்னொண்ணா? அதுதான் நெறைய இருக்கே," என்று திருப்பிக் கொடுத்தார். நான்காம் நாள் அவளைப் புதைத்துவிட்டு வந்தோம்.

சபையாரின் ஞானத்தை நான் குறை சொல்லமாட்டேன். கூலிக்கு ஏன் வண்டி இல்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. நாங்கள் ஏராளமாக இருக்கிறோம். கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறோம். ஆனாலும் சபையாருக்கு ஒரு நற்செய்தி சொல்லியாகவேண்டும். இந்த மாதம் மட்டும் லயத்துக்குப் பின்னால் ஏழு குழி வெட்டியிருக்கிறோம். இதே வேகத்தில் போனால் நாங்களும் சீக்கிரமே அரிய உயிர்களாகிவிடுவோம். வைக்கோலைத் தயாராக வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.