கறுத்த தலைமுடிக்காரர் தேவை

"உள்ள வராதீங்க!" என்று டூகல் அலறினான்.

மருத்துவச்சி டெல்ஃபர் அம்மாள் வாசற்படிக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். சாலையெல்லாம் பனி மூடி ஆம்புலன்ஸ் வரமுடியாததால், ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"பிரசவம் பாக்கத்தானே கூப்பிட்ட? இங்க நின்னே பாக்கட்டுமா?"

"அம்மா, இன்னிக்குப் புத்தாண்டு. இன்னும் யாரும் படி மிதிக்கல."

அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். அறுபது வயதிலும் முடி செக்கச்செவேல் என்றிருந்தது. "ஓ" என்றாள். அவளும் ஸ்காட்லாந்துக்காரிதானே. புத்தாண்டில் வீட்டுக்குள் முதலில் வருகிறவர் கறுத்த முடியுள்ள ஆணாக, கையில் கரித்துண்டோடு வரவேண்டும். பெண் ஆகாது. சிவப்பு முடி ஆகாது. இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த வருஷம் விளங்காது.

"நீயே வெளிய போயிட்டு உள்ள வாயேன்."

டூகல் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். அதுவும் சிவப்பு. போன இரண்டு புத்தாண்டுகளிலும் அவன்தான் முதலில் நுழைந்தான். இரண்டு வருஷமும் பிள்ளை தங்கவில்லை.

டெல்ஃபர் அம்மாள் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "பத்து நிமிஷம். அதுக்கு மேல நான் நிக்கமாட்டேன்."

"டூகல்! அங்க என்ன பேச்சு?" உள்ளேயிருந்து ரோனாவின் குரல் பாதியில் முனகலாக மாறியது.

டூகல் வாளியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, கரிக்கையாலேயே முகத்து வியர்வையைத் துடைத்தபடி ஓடினான். ஆர்டகேன் அரண்மனைக்கு அவன்தான் காவல்காரன். அதன் நுழைவாயிலை ஒட்டித்தான் வீடு. கூரையில்லாத அந்த அரண்மனையைச் சுற்றிவர இருபது நிமிடம் ஆகும். இந்தப் பனியில் யார் வரப்போகிறார்கள்?

கிழக்குச் சுவரோரம் ஒருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம். முடி மையிட்டதுபோல் கறுப்பு.

"நில்லுங்க! உங்க தலைமுடி எனக்கு வேணும்!"

அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் கரி, கையில் ஏதோ கறுப்பாக, ஒரு சிவப்புத் தலையன் ஓடிவருகிறான். கேமராவை வீசிவிட்டு ஓட்டமெடுத்தான். "எடுத்துக்கோங்க! என்னை விட்டுடுங்க!"

துரத்தினால் பிடிக்க முடியாது. டூகல் யோசித்தான். அரண்மனையை எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஓடினான். மூலையில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். அந்த ஆள் வீறிட்டு, பக்கத்தில் உறைந்துகிடந்த ஏரிமேல் குதித்தான்.

பனிக்கட்டி உடைந்தது.

டூகல் கரைக்கு ஓடினான். நல்ல சகுனம் தேடிவந்து, புத்தாண்டும் அதுவுமாக ஓர் ஆளைக் கொல்லப்பார்த்தோமே! குப்புறப் படுத்து, கழுத்துத் துண்டை நீட்டி, இழுத்து இழுத்துக் கரைசேர்த்தான்.

"எந்த ஊருங்க நீங்க?"

"ல... லண்டன்."

"அதான் எங்க வழக்கம் தெரியல. என் பொண்டாட்டிக்குப் பிரசவங்க."

"நான் டாக்டர் இல்லீங்களே!"

"டாக்டர் வேண்டாம். கறுத்த முடி போதும்."

எதற்கு என்று கேட்க அந்த ஆளுக்குப் பல் ஒத்துழைக்கவில்லை. கரித்துண்டை அவன் கையில் திணித்து, டூகல் அவனைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

வாசலில் டெல்ஃபர் அம்மாளைக் காணோம். அவள் காலடித்தடம் படிக்கு வரவில்லை. சுவரைச் சுற்றி எங்கோ போயிருந்தது. உள்ளே முனகல் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. டூகல் அந்த ஆளைப் படிப்பக்கம் தள்ளினான்.

"போங்க. சீக்கிரம் உள்ள போங்க."

லண்டன்காரன் நீர் சொட்டச் சொட்ட, கரியை இரண்டு கையாலும் ஏந்தி, படி தாண்டினான். டூகல் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நுழைந்தான்.

அப்போது அறைக்குள் ஒரு சின்ன அழுகை. அதன்பின் ரோனாவின் சிரிப்பு.

டெல்ஃபர் அம்மாள் ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்தாள்.

"நான் ஜன்னல் வழியாத்தான் ஏறி வந்தேன். படிய மிதிக்கல."

டூகல் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். "அப்பாடா! அப்ப இவர்தான் முதல் ஆளு!"

"இவரு ரெண்டாவது" என்று அவள் துணியை விலக்கினாள். "முதல் ஆளு வந்து கால் மணி ஆச்சு. பொண்ணு. முடியப் பாரு, உன்னுதவிடச் சிவப்பு."