அதிமதுர டீக்கு ஒரு ஜோடி

எனக்கும் உளுந்து வடைக்கும் நடுவே இனி யாரும் வரக்கூடாது! பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரையாகிய நான் தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாசத்தில் இப்படி ஒரு சபதம் எடுத்தேன். சத்தமாக அல்ல. மனசுக்குள்.

காரணம் டாக்டர் கிருபாசங்கர். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லி, இனிப்பை நிறுத்தினார். எண்ணெய்ப் பலகாரத்தையும் நிறுத்தினார். முதல் பாதியை வீட்டில் சொன்னேன். இரண்டாம் பாதி வழியிலேயே மறந்துவிட்டது.

என் மனைவி கீதா அழுதேவிட்டாள். மறுநாளே அதிமதுரக் குச்சி வாங்கிவந்து, சுக்கோடு தட்டிப்போட்டு டீ வைத்தாள். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் தொண்டைவரை தித்திப்பு! உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அம்மணி, இந்த டீக்கு ஒரு ஜோடி வேணும். வெறும் இனிப்பு திகட்டுது."

"பொரிகடலை தரட்டுங்களா?"

"அது பொருந்தாது."

"பச்சைப்பயறு சுண்டலுங்க?"

"அதிமதுரத்துக்கும் சுண்டலுக்கும் ஆகவே ஆகாது."

"அப்ப எதுதானுங்க பொருந்தும்?"

"யோசிச்சுப் பார்த்தா... உளுந்து வடை."

கீதா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அதுக்கென்னுங்க, நாளைக்கு நாலு மணிக்குச் சுட்டுப்போடறேன்."

சுட்டாள். எட்டு வடை. மிளகு வாசம் வாசல்வரை போனது. கையை நீட்டினேன்.

"அண்ணா, ஊட்டுல இருக்கறீங்களா?"

அடுத்த வீட்டு ஷேக் பரீத். வெல்டிங் கடைக்காரர்.

"வாங்க பாய், உக்காருங்க. வடை எடுத்துக்குங்க."

சொன்னது நான்தான். எங்கள் பக்கத்து வாய் அப்படி. வந்தவர் வயிறு நிறையாமல் வீட்டுக்காரன் தன் தட்டில் கை வைக்கமாட்டான்.

"போதுங்ணா."

"அட, இன்னொன்னு வெச்சுக்குங்க."

இதுவும் நான்தான். எட்டாவது வடையும் போனது.

"இந்த டீக்கு வடை என்னமாப் பொருந்துதுங்ணா!" என்றார் பரீத். எனக்கு எப்படித் தெரியும்?

அன்று முதல் தினமும் நாலு மணி, தினமும் பரீத். ஒருநாள் தந்திரமாக மூன்றரைக்கே வந்து உட்கார்ந்தேன். மாவு இன்னும் ஆட்டவில்லை என்று சொல்லி, அதுவரைக்கும் கொறிக்கச் சுண்டல் கொடுத்தாள் கீதா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதிமதுரத்துக்குச் சுண்டல் பிரமாதம். ஆனாலும் வடை வடைதானே?

ஒரு மாதம் கழித்து ரத்தம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது. பெல்ட்டும் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"கீதா! சர்க்கரை குறைஞ்சுபோச்சு! நாளைக்குப் பரீத் பாய் ஒரு கல்யாணத்துக்கு மதுக்கரை போறாராம். வடை பூரா எனக்குத்தான்!"

கண்கலங்கச் சிரித்தாள் கீதா.

"ரொம்ப சந்தோஷமுங்க. பன்னெண்டு வடையாவே சுட்டுப்போடறேன். நாளைக்கு வரமுடியாதுன்னு பாய் காலையிலயே எங்கிட்டச் சொன்னதும், நீங்க மொதமொதல்ல வடை கேட்ட அன்னிக்கு மாதிரியே எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி டாக்டருக்குப் போன் பண்ணுனனுங்க. நாலு மணிக்கு டீக்கு வாரேன்னு சொல்லிட்டாரு."