பெண் பார்க்கும் ஜெபமும் ஜோயலின் கழுத்தும்

ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஞாயிறு பள்ளியில் ஆரம்பித்தது, கல்யாணம் ஆகியும் போகவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் எவ்வளவு நேரம்தான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது? (கர்த்தருக்கு இது புரியும். எங்கள் மதினிக்குத்தான் புரியாது.)

மதினி என்பது என் வீட்டுக்காரருடைய மூத்த அக்கா. சாத்தான்குளத்தில் டீச்சர். அவர் எங்கள் தூத்துக்குடி வீட்டுக்கு வந்து இறங்கினால், மணி அடித்தால்தான் சாப்பாடு என்கிற நிலைமை வந்துவிடும். தன் கடைசித் தங்கை கிறிஸ்டியைப் பெண் பார்க்க நாசரேத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று அன்றைக்கு விடிந்ததுமே வந்து சேர்ந்திருந்தார்.

என் மகன் ஜோயலுக்கு அப்போது ஏழு வயது. முந்தின நாள் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக்கையும் இறால் வறுவலையும் மாற்றி மாற்றித் தின்றுவிட்டு ஓயாமல் வாந்தி. டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தேன். வாந்தி நின்றது. அந்த டாக்டரை மனதார வாழ்த்தினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் பெரிய காரில் வந்து, எங்கள் தெருவை முழுசாக அடைத்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை செல்வின், கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை. கூடவே அவருடைய பெரியப்பா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

"ஒரு சின்ன ஜெபத்தோட ஆரம்பிப்போம்" என்றார் பெரியப்பா.

எங்கள் பக்கம் 'சின்ன ஜெபம்' என்று யாராவது சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு வருவது நல்லது. பெரியப்பா ஆதாமில் தொடங்கினார். மழைக்காக, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தார். கிறிஸ்டியின் பெயர் எப்போது வரும் என்று தெரியவில்லை. வழக்கம்போல் நான் கண்ணைத் திறந்தேன்.

பக்கத்தில் ஜோயல் கழுத்தை ஒரு பக்கமாகத் திருகி, மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டியிருந்தான்.

சேட்டை என்றுதான் நினைத்தேன். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "ஏலே, நாக்க உள்ள போடு. ஆட்கள் இருக்காவ" என்று கிசுகிசுத்தேன். அவன் போடவில்லை. இன்னொரு கிள்ளு. கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர கழுத்து அசையவில்லை.

"யம்மா, நான் வேணும்னு செய்யல. திரும்ப மாட்டேங்கு" என்று குழறினான்.

முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணின் கருமணி மேலே ஏறிப் பாதிதான் தெரிந்தது. தலையைப் பிடித்து நேராக்கப் பார்த்தேன். கட்டை மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன். (ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன். அவர் கண்ணை மூடினால் அது ஜெபம் இல்லை.) திடுக்கிட்டு, "ஆமென்" என்றார். நாலைந்து பேர் கூடவே "ஆமென்" என்றார்கள். பெரியப்பா ஒரு நொடி நிறுத்தி, உற்சாகமாகி, மோசேயிடம் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மறுபடி தூங்கிவிட்டார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மதினி கண்ணைத் திறக்காமலேயே என் முந்தானையைப் பிடித்தார்.

"உக்காருளா. ஜெபம் நடக்குல்லா."

"மதினி, பிள்ளையப் பாருங்க."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முந்தானையை விடவில்லை.

"பின் ரூமுக்குக் கொண்டு போளா. அவிய பாத்தா குடும்பத்துக்கே வலிப்பு நோய் இருக்குன்னு நெனச்சிருவாவ. கல்யாணம் நின்னு போவும்."

"நின்னா நிக்கட்டும். சேலைய விடுங்க."

விடவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இவனுக்கு மூச்சு நின்றுபோனால் யாருக்குக் கல்யாணம்? நிமிர்ந்து பார்த்தால், எதிர் சோபாவில் இரண்டு கண்கள் திறந்திருந்தன. மாப்பிள்ளை. கிறிஸ்டி வருகிற கதவைப் பார்ப்பதற்காகத் திறந்த கண், பாவம், ஜோயலின் நாக்கில் வந்து நின்றுவிட்டது.

சத்தமில்லாமல் எழுந்து வந்தார். "அக்கா, நீங்க பிள்ளையப் பிடிங்க. வண்டிய நான் எடுக்கேன்" என்றார். மதினியின் கை தானாக விட்டது. நாங்கள் வாசலைத் தாண்டும்போது பெரியப்பா இஸ்ரவேல் ஜனங்களைச் செங்கடல் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்.

வழி முழுக்க உப்பு லாரிகள். செல்வின் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் ஜோயலின் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். கிள்ளிய இடம் சிவந்திருந்தது. அதைப் பார்க்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் பதறவே இல்லை. "வாந்திக்கு மருந்து கொடுத்தீங்களா? என்ன மருந்து?" என்றார். பாட்டில் வீட்டில். போன் போட்டேன். தூங்கி எழுந்த என் வீட்டுக்காரர், "ஜோயல எங்க காணும்?" என்று என்னிடம் கேட்டார். சிரப் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் இருமல் மருந்து வந்தது. அடுத்து வினிகர் வந்தது. நான் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

அதற்குள் வாசலில் ஸ்கூட்டி சத்தம். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கிறிஸ்டி, கையில் சரியான பாட்டிலோடு வந்தாள். டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஓர் ஊசி போட்டார். "அளவு சரிதான். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து இப்படிச் செய்யும். இனி எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதைச் சொல்லிருங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் நாக்கு உள்ளே போனது. கழுத்து மெல்ல மெல்லத் திரும்பியது. ஜோயல் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "பசிக்கு" என்றான். நான் வார்டே பார்க்கும்படி ஓவென்று அழுதேன்.

வீட்டில் நடந்ததைக் கிறிஸ்டிதான் சொன்னாள். ஒருவழியாக 'ஆமென்' வந்து எல்லோரும் கண்ணைத் திறந்தால், மாப்பிள்ளையைக் காணோம். அவள் காப்பித் தட்டோடு வந்து காலி சோபாவின் முன்னால் நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று மதினி நெஞ்சில் கையை வைத்துவிட்டாராம். செல்வின் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். பெண் பார்த்தது அவ்வளவுதான். கல்யாணம் நடந்தது.

பெரியப்பாவோ, தன் ஜெபத்தால்தான் பிள்ளை பிழைத்தான் என்று போகிற சபையெல்லாம் சாட்சி சொல்லிவருகிறார். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானும் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஜோயலுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கிறிஸ்துமஸ் மத்தியானம் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, பெரியப்பா ஆதாமில் தொடங்குவார். நோவாவைத் தாண்டியதும் இந்தத் தடியன் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி ஃபேனைப் பார்ப்பான். நாக்கு வெளியே வரும். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பும், பெரியப்பா அவசரமாக ஆமென் சொல்லிவிடுவார். நடிப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும், முதுகில் ஒன்று வைப்பேன். ஆனால் அதற்கு முந்தின நொடியில் ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய்விடுகிறது. சட்டென்று எதிரே பார்ப்பேன். செல்வின் அதற்குள் எழுந்து நின்றிருப்பார்.