எழுபதுக்கு மேல் நாற்பது டாலர்

"இந்த வருஷம் நேர்ல வரணுமாம்," என்றார் மெர்ல் ஸ்டானர்ட், காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியபடி.

"யாரு வரணும்?"

"எல்லாரும்தான். குன்றுல சறுக்க சீசன் பாஸ் வேணும்னா ஆளாளுக்கு டிரைவிங் லைசென்ஸ எடுத்துட்டு நேர்ல போய் நிக்கணும். புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்காங்களாம். போட்டோ புடிச்சு, பொறந்த தேதி பாத்து, அட்டை அடிச்சுக் குடுப்பாங்களாம்."

பிறந்த தேதி என்ற சொல் காதில் விழுந்த நேரத்தில் அவர் மனைவி கிளெண்டா பேன்கேக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பாதி அடுப்பிலும் மீதி நாயின் வாயிலுமாக அது போய்ச் சேர்ந்தது.

"எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றாள் குரலைச் சரிசெய்துகொண்டு.

"எழுபது வயசானவங்களுக்கு நாப்பது டாலர்தானே பாஸு. அதுல ஏமாத்துறாங்களாம். போன வருஷம் ஒரு எழுபது வயசுக்காரர் லிஃப்டுக்குக் கீழ பனியில குட்டிக்கரணம் போட்டாராம். புடிச்சு விசாரிச்சா வயசு நாப்பத்தாறு."

வேறு நாளாக இருந்தால் மெர்ல் இதைச் சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்திருப்பார். இன்று மேஜைமேல் சிந்திய காப்பியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஸ்பிராக் குன்று பெரிய இடமெல்லாம் இல்லை. வெர்மான்ட்டில் பனிச்சறுக்குக்கென்று பணக்காரர்கள் போகும் மலைகள் வேறு. இங்கே இருப்பது கம்பியில் தொங்கியபடி குன்றின்மேல் ஏறும், இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு நாற்காலி லிஃப்ட். அதுவும் நினைத்தால் ஓடும், நினைத்தால் பாதியில் நிற்கும். ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்துகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன் கமிட்டிக்கு என்ன புண்ணியம் தேடும் ஆசை வந்ததோ, எழுபது வயது ஆனவர்களுக்கு நானூற்று எண்பது டாலர் பாஸை நாற்பதுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் வயதாவதைப் பற்றி யாருக்கும் வருத்தமே இல்லை. எழுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதற்கு முன்பே பாஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

கிளெண்டாவுக்கு மட்டும்தான் வருத்தம். அவளுக்கு வயது எழுபத்திரண்டு. மெர்லைப் பொறுத்தவரை அறுபத்தைந்து.

எல்லாம் அந்த லிஃப்ட் செய்த வேலை. ஒன்பது குளிர்காலத்துக்கு முன்னால் முன்பின் தெரியாத இருவரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, நடுவானத்தில் நின்றுவிட்டது. மேலே காற்று, கீழே பனி. பேச்சைத் தவிர வேறு கதி இல்லை. மெர்ல் தன் கதையைச் சொன்னார். முதல் மனைவி தன்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்றும், எப்போது ஸ்வெட்டர் போட வேண்டும் என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்வாள் என்றும், கடைசியில் ஒரு பல் டாக்டரோடு போய்விட்டாள் என்றும் புலம்பினார். "இனிமே ஒருத்தியப் பாத்தேன்னா என்னைவிட ஒரு நாளாச்சும் சின்னவளாத்தான் பாப்பேன்," என்றவர், பேச்சோடு பேச்சாக, "உனக்கு என்ன வயசு?" என்று கேட்டுவைத்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது. அவளுக்கு அறுபத்து மூன்று. "அம்பத்தாறு," என்றாள் கிளெண்டா. லிஃப்ட் உடனே கிளம்பியது.

கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று மெர்ல் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவளிடமே கேட்டார். அதற்குப் பிறகு வரி, காப்பீடு, வங்கி என்று பிறந்த தேதி கேட்கும் காகிதம் எதுவும் அவளைத் தாண்டி அவர் கைக்குப் போனதில்லை. இப்படிப் பொறுப்பான மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

பொய் சொன்னது வேறு யாரிடமாவது என்றால் பரவாயில்லை. மெர்ல் ஸ்டானர்ட் என்றால் எங்கள் ஊரில் நேர்மைக்கு மறுபெயர். கடைக்காரர் அறுபது காசு கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று பனிப்புயலில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர். தேவாலயக் காணிக்கையை எண்ணுவதும் அவர்தான், ஆப்பிள் பை போட்டிக்கு நடுவரும் அவர்தான். வயது தெரிந்தால்கூட மன்னித்துவிடுவார். ஒன்பது வருஷமாக வாய் கூசாமல் பொய் சொன்னவளோடு இந்த மனிதர் ஒரே நாற்காலியில் உட்காருவாரா?

போதாக்குறைக்கு அவளுடைய பாஸை வருஷா வருஷம் அவர்தான் கல்யாண நாள் பரிசாக வாங்கித் தருகிறார். பெயரை மட்டும் பேனாவால் எழுதிய மஞ்சள் அட்டை. அதை அவள் கையில் வைத்து, "நானூத்தி எண்பது டாலர்! யாருக்காக? உனக்காக!" என்பார். போன இரண்டு வருஷமும் அதைக் கேட்கும்போதெல்லாம் கிளெண்டாவுக்கு நெஞ்சில் முள் தைத்தது. நாற்பது டாலருக்குக் கிடைக்க வேண்டியதற்கு அந்த மனிதர் நானூற்று எண்பது அழுகிறாரே!

"மெர்ல், இந்த வருஷம் எனக்குப் பாஸ் வேணாம்," என்றாள். "முழங்கால் ரொம்ப வலிக்குது."

"கட்டாயப்படுத்துவார். சண்டை போடுவார். அதற்குள் வேறு ஏதாவது யோசித்துக்கொள்ளலாம்," என்று அவள் நினைத்திருந்தாள். மெர்லோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஆமா ஆமா! முழங்கால்ல விளையாடக் கூடாது. பாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த வருஷம் நீ வீட்டுலயே இரு!"

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கிளெண்டாவுக்குச் சுருக்கென்றது.

முழங்கால் விஷயத்தை மெர்ல் காலையிலேயே கடையில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, பாவம் சமைக்க முடியாதே என்று மூன்று வீடுகளிலிருந்து மக்ரோனி வந்து இறங்கியது. நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்து திறந்து, கிளெண்டாவுக்கு நிஜமாகவே கால் வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் ஆர்லீனின் போன் வந்தது. குன்றில் பாஸ் கொடுக்கிற ஜன்னலும் அவள் பொறுப்பு, முதலுதவியும் அவள் பொறுப்பு.

"கிளெண்டா, பாஸ் வேணாம்னு சொன்னீங்களாமே? முழங்கால் ஜனவரிக்குள்ள சரியாயிடும். நீங்க வரவே வேணாம். வியாழக்கிழமை மெஷினத் தூக்கிட்டு நானே வீட்டுக்கு வர்றேன். முதல் அட்டை மெர்ல் வீட்டுக்குத்தான்னு கமிட்டியே முடிவு பண்ணிருக்கு. அவர மாதிரி ஒரு நேர்மையான மனுஷர் கிட்டருந்து ஆரம்பிச்சாத்தான மத்தவனுக்கு புத்தி வரும்? லைசென்ஸ மட்டும் எடுத்து வைங்க."

கிளெண்டா போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மெர்லின் முகம் வெளுத்துப்போனது.

"வீட்டுக்கேவா?" என்றார் பரிதாபமாக.

அன்று அவர் மரம் வெட்டப் போன நேரத்தில் கிளெண்டா லைசென்ஸை எடுத்து ஒளிக்க இடம் தேடினாள். அலமாரி? அவர் திறப்பார். மாவு டப்பா? அவர்தான் ரொட்டி சுடுகிறார். ஆனால் மெர்ல் ஜென்மத்தில் தொடாத ஒரு பொருள் பட்டாணி. ஃப்ரீசரில் கிடந்த பட்டாணிப் பொட்டலத்துக்குள் லைசென்ஸைச் சொருகிக் கிளிப் போட்டுவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில், "என் லைசென்ஸக் காணோம் மெர்ல். எங்கயோ தொலைச்சுட்டேன்," என்றாள்.

ஒரு சாவி காணாமல் போனால் சோபாவைக் கவிழ்த்துத் தேடுகிற மனிதர், "போனாப் போகுது விடு," என்று மக்ரோனியை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். "தேடாத. தேடினா முழங்காலுக்கு ஆகாது."

"அப்போ பாஸ்?"

"பாஸ் எதுக்கு? ஆசையா இருந்தா வர்ற அன்னிக்கு மட்டும் தினசரி டிக்கெட் எடுத்துக்கலாம். அதுக்கு லைசென்ஸும் கேக்க மாட்டான், ஒண்ணும் கேக்க மாட்டான்."

"ஒரு நாளைக்கு அறுபது டாலர் மெர்ல்!"

"இருக்கட்டுமே!" என்றார் மெர்ல்.

தேயிலைப் பையை மூன்று தடவை முக்கி எடுக்கிறவர் அறுபது டாலரை இருக்கட்டும் என்கிறார். கிளெண்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மெர்லுக்கு அவள் பாஸ் எடுப்பது பிடிக்கவில்லை. அவளோடு அந்த நாற்காலியில் உட்காருவது அலுத்துவிட்டது. வீட்டிலேயே இரு, தேடாதே, விடு என்று காலையிலிருந்து அவளைக் கழற்றிவிடப் பார்க்கிறார்.

பாத்திரம் கழுவும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஒன்பது வருஷமாகக் காலையில் முதல் லிஃப்டில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு போவதற்காகத்தானே அந்த ஏழு வயதைச் சுமந்தாள்? அந்த நாற்காலியே இல்லையென்றால் அந்தப் பொய் எதற்கு? ஆர்லீன் வருவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். திட்டினால் திட்டட்டும், போ என்றால் போய்விடலாம்.

வியாழக்கிழமை காலை அவரைச் சோபாவுக்கு அழைத்தாள்.

"மெர்ல், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்று மெர்ல் அவசரமாக அவளை உட்காரவைத்தார். "சொல்ல வேண்டியவன் நான்தான். நீ ரொம்ப நல்லவ கிளெண்டா. நான்தான்... இரு, முதல்ல உன் முழங்கால் வீங்கியிருக்கான்னு பாக்கறேன்."

சமையலறைக்குள் ஓடியவர், பனிக்கட்டி இல்லாததால் கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்து அவள் முழங்காலில் வைத்துத் துண்டால் கட்டினார். அது பட்டாணிப் பொட்டலம்.

கிளெண்டா வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. மெஷின், கேமரா, கம்பளித் தொப்பி சகிதம் ஆர்லீன் உள்ளே வந்தாள்.

"உக்காருங்க உக்காருங்க, எழுந்திரிக்காதீங்க. லைசென்ஸக் குடுங்க, ரெண்டே நிமிஷம்."

"தொலைஞ்சு போச்சு," என்றாள் கிளெண்டா.

"தொலைஞ்சேபோச்சு," என்றார் மெர்ல்.

"அட, அதனால என்ன? டவுன் ஆபீஸ்ல என் நாத்தனார்தான இருக்கா. உங்க கல்யாணப் பதிவுல பொறந்த தேதி இருக்கும். ஒரு போன் போட்டா..."

"வேணாம்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

ஆர்லீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ரெண்டு பேரும் இப்படிப் பதறுறீங்க? வலி அவ்வளவு ஜாஸ்தியா? ஐயோ மெர்ல், இப்படியா கட்டுவாங்க? பட்டாணிய முழங்கால் வடிவத்துக்குப் பரப்பிவிடணும்." துண்டை அவிழ்த்துப் பொட்டலத்தைப் பிசைந்தாள். "என்னது இது, உள்ள அட்டை மாதிரி கெட்டியா..."

கிளிப்பைக் கழற்றினாள். பட்டாணிகள் கம்பளத்தில் உருண்டன. கூடவே லைசென்ஸும் விழுந்தது.

கிளெண்டா பாய்ந்தாள். வலிக்கிற கால் எது என்பதே அவளுக்கு மறந்துபோனது. ஆனால் அவளுக்கு முன்னால் மெர்ல் பாய்ந்திருந்தார். இருவர் தலையும் மோதிக்கொண்ட இடைவெளியில் ஆர்லீன் குனிந்து லைசென்ஸை எடுத்துவிட்டாள்.

"அது பழசு!" என்றார் மெர்ல், தரையில் உட்கார்ந்தபடி. "அதுல இருக்கிறது எல்லாம் தப்பு!"

"நல்லாத்தான இருக்கு," என்று ஆர்லீன் அதில் ஒட்டியிருந்த பட்டாணியை நகத்தால் தட்டிவிட்டு மெஷினைத் திறந்தாள். "பழைய விவரம் எல்லாம் இதுல ஏத்தியாச்சு. ஒத்துப் பாத்துட்டாப் போதும்."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது என்று கிளெண்டா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது குளிர்காலமும் ஒரு நாற்காலியும் கையைவிட்டுப் போகிற சத்தம் அது. துணைக்குப் பிடித்துக்கொள்ள மெர்லின் கையைத் தேடினாள். அந்தக் கை அவளுடையதைவிடச் சில்லென்றிருந்தது. மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். மெர்லும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு அசைய ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்.

ஆர்லீன் மெஷினை மூடிவிட்டு எழுந்து, தரையில் கிடந்தவரின் இன்னொரு கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நீங்க எழுதிக் குடுத்த தேதி, மாசம், வருஷம் எல்லாம் அச்சு அசலா ஒத்துப்போகுது! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 'என் பொண்டாட்டிக்கு எழுபது ஆயிடுச்சு, நாப்பது டாலர் பாஸக் குடு'ன்னு வந்து நின்னீங்களே, அப்போ நாங்க யாருமே நம்பல. இந்த ஊர்லயே பொண்டாட்டி வயச உள்ளது உள்ளபடி சொன்ன ஒரே புருஷன் நீங்கதான், மெர்ல்!"